கண்ணாடிக் கதவுக்கு ஒரு காடாத் திரை



பலகைக் கதவு இருந்த கடைகள் பலவற்றில் இன்று கண்ணாடிக் கதவு வந்துவிட்டது. தூசி வராது, ஈ வராது, கடையும் எடுப்பாகத் தெரியும். நல்லதுதான். ஆனால் மேற்குப் பார்த்த கடையில் பிற்பகல் 3 மணிக்கு மேல் அந்தக் கண்ணாடி வழியே வெயில் நேராகச் சரக்கின் மேல் விழுகிறது. அந்த நஷ்டத்தை யாரும் பேரேட்டில் எழுதுவதில்லை.

மஞ்சள் தூளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். வெளிச்சம் பட்டால் அது சிதையும். மிளகாய்த் தூள் வெளுக்கும். கடலை எண்ணெயும் நெய்யும் வெளிச்சத்தாலும் சூட்டாலும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். பாக்கெட் எண்ணெயில் சேர்க்கப்படும் வைட்டமின் ஏ சத்தும் குறையும். சோப்பு, பிஸ்கட் உறைகளின் அச்சு மங்கும். தேதி முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தாலும், வெளுத்த பாக்கெட்டை வாடிக்கையாளர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார். மொத்த வியாபாரி என்ற முறையில் ஒளிக்காமல் சொல்கிறேன்: அப்படிப்பட்ட சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள எங்களாலும் முடிவதில்லை.

இது சில்லறைக் கடைக்காரர் கவலை மட்டுமல்ல. உற்பத்தியாளர் சொன்ன பாதுகாப்பு முறைக்கு மாறாக உணவுப் பொருளை இருப்பு வைத்தால், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி மொத்த வியாபாரியும் பொறுப்பாளி. ஆகவே மண்டிக்காரர்களும் தங்கள் முன்பக்கக் கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

முதலில் கடையின் திசையைக் கவனியுங்கள். கிழக்குப் பார்த்த கடைக்குக் காலை வெயில், மேற்குப் பார்த்ததற்கு மாலை வெயில். தெற்குப் பார்த்த கடைக்கு மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெயில் உள்ளே நீண்டு விழும்.

திரைக்குப் பெரிய செலவு வேண்டாம். வீட்டில் தையல் மெஷின் இருந்தால் ஒரு மாலைப்பொழுது போதும். துணி வெளுத்த காடாவாக இருக்கட்டும். வெள்ளைத் துணி வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்புத் துணி சூட்டை வாங்கி உள்ளே விடும். புதுப் பருத்தித் துணி சுருங்கும். ஆகவே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும்.

கண்ணாடிக் கதவுக்கு மேலே ஒரு கம்பி மட்டும் போட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் திரை பறக்கும், கதவிடுக்கில் சிக்கும். மேலும் கீழும் கம்பி வேண்டும். ஒரு கதவில் கண்ணாடி 60 செ.மீ. அகலம், 150 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கம் விழ அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 90 செ.மீ.; இரு ஓர மடிப்புக்கும் 3 செ.மீ. வீதம் சேர்த்து 96 செ.மீ. உயரத்தில் கண்ணாடிக்கு மேலும் கீழும் 5 செ.மீ. கூட்டினால் 160. கம்பி நுழையும் மடிப்புக்கு மேலே 5, கீழே 5 சேர்த்து 170 செ.மீ. வெட்டுங்கள். முதலில் 1 செ.மீ. உள்ளே மடித்து, பிறகு 4 செ.மீ. மடித்துத் தைத்தால் கம்பி தாராளமாக நுழையும். சுருங்குவதையும் சேர்த்து ஒரு கதவுக்கு 2 மீட்டர் துணி, இரட்டைக் கதவுக்கு 4 மீட்டர் வாங்கினால் போதும். துணியின் பன்னா ஒரு மீட்டருக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள்.

கம்பியை அலுமினியச் சட்டத்தில் திருகுங்கள். சட்டமில்லாத பதப்படுத்திய கண்ணாடியில் துளையிட முயன்றால் முழுக் கண்ணாடியும் நொறுங்கிவிடும்; அதற்கு ஒட்டும் கொக்கிதான் சரி.

மேலும் மூன்று விஷயங்கள். கல்லாவின் அருகே சாமி படமும் விளக்கும் இருந்தால் திரைத் துணி அதன் பக்கம் வரக்கூடாது. மாலையில் கற்பூரம் காட்டும் நேரமும் திரை மூடியிருக்கும் நேரமும் ஒன்றுதான். திரை மூடியிருக்கும்போது கடை அடைத்திருக்கிறது என்று வாடிக்கையாளர் திரும்பிவிடுவார். கதவில் ‘கடை திறந்திருக்கிறது’ என்ற பலகை தொங்கட்டும். வெயில் இறங்கியதும் திரையை நடுவில் நாடாவால் கட்டிவிட்டால் உள்ளே இருப்பது தெரியும். கண்ணாடி இருப்பது தெரியாமல் யாரும் முட்டிக்கொள்ளாதிருக்கக் கண் மட்டத்தில் ஒரு வண்ணப் பட்டையும் ஒட்டிவிடுங்கள்.

திரை வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும். சூட்டை ஓரளவுதான் தடுக்கும். கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு கடைக்குள்தான் தங்கும். சூடும் குறைய வேண்டுமானால் வெளியே ஒரு சாய்ப்பு போடவேண்டும். அதற்கு வசதியோ இடமோ இல்லாதவர்கள் எண்ணெயையும் மசாலாவையும் உள் அலமாரிக்கு மாற்றி, துடைப்பம், பாத்திரம் துலக்கும் நார் போன்றவற்றைக் கண்ணாடிப் பக்கம் வைக்கலாம்.

பெரிய அங்காடிகளோடு விலையில் போட்டியிடுவது நமக்கு எப்போதும் முடிகிற காரியமல்ல. நிறமும் மணமும் குறையாத சரக்கைக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. நாலு மீட்டர் காடாத் துணி அதற்கு உதவுமானால், அது முதலீடுதான்.