பிலிம் ஸ்கேனரில் தோன்றும் படக் குறைகள்

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். மாதுங்கா, செம்பூர், தாராவி முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்களும் பள்ளிகளும் பெட்டிகளில் வைத்துள்ள பழைய நெகடிவ்களில் பூஞ்சை படர இவ்வீரமே ஏதுவாகிறது. அவற்றை ஸ்கேனரில் இட்டுப் படமாக்கும்போது கோடு, புள்ளி, பட்டை முதலியன தென்படுகின்றன. உடனே ஈரத் துணியால் பிலிமைத் துடைப்போர் பலர். இது பெருந் தவறு. பூஞ்சை பற்றிய ஜெலட்டின் படலம் நீரில் கரையுந் தன்மையை அடைகிறது. துடைத்தால் பூஞ்சையோடு படமும் போய்விடும். பிரதி வேறு இல்லையெனில் அவ்விழப்புக்கு ஈடில்லை.

ஆதலின் குறை இருக்குமிடம் பிலிமா, ஸ்கேனரா, கம்ப்யூட்டரா என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். இதற்குத் தனிக் கருவி வேண்டுவதில்லை. பிலிமைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மறுமுறை ஸ்கேன் செய்தால் போதும். படத்தோடு குறையும் திரும்பினால் அது பிலிமைச் சார்ந்தது. படம் திரும்பியும் குறை பழைய இடத்திலேயே நின்றால் அது ஸ்கேனரைச் சார்ந்தது. இடம் மாறி மாறித் தோன்றினால் கம்ப்யூட்டரையோ இணைப்புக் கம்பியையோ ஐயுறலாம். சரி நடுவில் விழுந்த கோடு மட்டும் இச்சோதனைக்கு அகப்படாது. அப்போது பிலிமைச் சிறிது நகர்த்தி வைத்துப் பார்த்தல் நலம்.

ஸ்கேனரினுள் ஒளியை உணரும் நுண்ணிய கண்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றைத் தூசி மறைத்தால் படத்தின் முழு நீளத்துக்கும் நேர்க்கோடு விழும். கருவி தொடக்கத்தில் தன் கண்களைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் இடத்தில் தூசி இருப்பினும் விளைவு இதுவே. மின்சாரத்தை நிறுத்தி, ரப்பர்க் குமிழால் காற்றூதித் தூசியை அகற்றுக. வாயால் ஊதினால் எச்சில் படியும். வளைய வளையமாக வண்ணங்கள் தோன்றின், பிலிம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அறிக.

தூசியை அகச்சிவப்புக் கதிரால் கண்டு நீக்கும் வசதி சில ஸ்கேனர்களில் உண்டு. வண்ணப் பிலிமின் சாயங்கள் அக்கதிரைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. கறுப்பு வெள்ளைப் பிலிமின் வெள்ளியோ தடுக்கிறது. கருவி படத்தையே தூசியெனக் கொண்டு சிதைத்துவிடும். பழைய பள்ளி நெகடிவ்களில் பல கறுப்பு வெள்ளையே. அவற்றிற்கு இவ்வசதியை நிறுத்திவிடுக. இதை அறியாது, நல்ல கருவியைப் பழுதென்று கடைக்கு எடுத்துச் செல்வோரும் உளர்.

படம் பாதியில் நின்றாலும், பட்டைகள் இடம் பெயர்ந்தாலும், வேறு கம்பியால் ஸ்கேனரைக் கம்ப்யூட்டருடன் நேரே இணைத்துப் பார்க்க வேண்டும். பழைய ‘ஸ்கசி’ வகை இணைப்பாயின் தொடரின் இரு முனைகளிலும் முடிப்பான்கள் உள்ளனவா என்று காண்க.

பூஞ்சை பிலிமில்தான் உள்ளதெனத் தெளிந்தால், அதைத் துடையாமல் உள்ளவாறே ஸ்கேன் செய்து, உலர்ந்த குளிர்ந்த இடத்தில் தனியே வைத்தல் வேண்டும். தூய்மை செய்யும் பொறுப்பைப் பயிற்சி பெற்றவரிடமே விடுக.