விழுந்தும் எழுந்த போலந்து

ஐரோப்பா என்றவுடன் நம் கண்முன் தோன்றுபவை பாரிஸ் நகரின் ஈபெல் கோபுரமும், உரோமையின் புனித இராயப்பர் பேராலயமும், சுவிட்சர்லாந்தின் பனிமலைகளும்தாம். அட்லசைத் திறந்து, ஜெர்மனியிலிருந்து விரலைச் சற்றுக் கிழக்கே நகர்த்திப் பாருங்கள். வடக்கே பால்டிக் கடலும், தெற்கே கார்பேதிய மலைகளும், நடுவே 1,047 கிலோ மீட்டர் தூரம் பாயும் விஸ்துலா ஆறும் கொண்ட போலந்து தென்படும். 1986-ல் சென்னைக்கு வந்து சாந்தோம் பேராலயத்தில் செபித்த பாப்பரசர் புனித இரண்டாம் அருள் சின்னப்பர் பிறந்த நாடு அதுவே.

இந்நாடு 123 ஆண்டுகள் உலகப் படத்திலேயே இல்லாமல் இருந்தது என்றால் நம்ப முடிகிறதா? ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் அதைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டன. 1795-ல் மறைந்த போலந்து 1918-ல்தான் மீண்டும் விடுதலை பெற்றது. இருபது ஆண்டுகள் கழிந்ததும் இரண்டாம் உலகப் போர் வந்தது. ஆகவே அங்கே ஒரு கட்டடத்தைக் காணும்போது, 'இதன் உயரம் எவ்வளவு?' என்று கேட்பதைவிட, 'இது எப்படிப் பிழைத்தது?' என்று கேட்பதே பொருத்தம். அந்தக் கேள்வியுடன் நாம் புறப்படுவோமா?

பாதியில் நிற்கும் எக்காளம்

முதலில் பழைய தலைநகரான கிராக்கோவுக்குச் செல்வோம். அங்குள்ள வாவெல் குன்றின் மேல் அரண்மனையும் பேராலயமும் அருகருகே நிற்கின்றன. போலந்தின் அரசர் பலர் இப்பேராலயத்தில்தான் முடிசூடினர். இங்கேயே அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் நம் உள்ளத்தைக் கவர்பவர் அரசி புனித யத்விகா. 1384-ல் முடிசூடியபோது அவருக்கு நம்மைவிடக் குறைந்த வயது. 1399-ல் இளம் வயதிலேயே இறந்த அவர், தம் நகைகளைக் கிராக்கோ பல்கலைக்கழகம் புத்துயிர் பெறுவதற்காக எழுதி வைத்தார். அவர் கல்லறையில் கிடைத்தவை பொன் செங்கோலும் பொன் உருண்டையும் அல்ல. மரத்தாலும் தோலாலும் ஆனவையே! அவர் காத்த பல்கலைக்கழகத்தில்தான் பின்னாளில் வானியல் மேதை கோப்பர்னிக்கஸ் பயின்றார்.

நகரின் சந்தைச் சதுக்கத்தில் புனித மரியன்னை ஆலயம் உள்ளது. அதன் பெரிய பீடம் பைட் ஸ்டாஸ் என்னும் சிற்பி 1477 முதல் 1489 வரை மரத்தில் செதுக்கியது. போரின்போது அதை நாசிகள் ஜெர்மனிக்குக் கொண்டு சென்றனர். 1946-ல் அது வீடு திரும்பியது. இவ்வாலயத்தின் உயர்ந்த கோபுரத்திலிருந்து மணிக்கு ஒரு முறை, இரவும் பகலும், எக்காளம் ஊதப்படுகிறது. நான்கு திசையிலும் ஊதப்படும் அந்த இசை முடிவதில்லை. பாதியில் சட்டென்று நின்றுவிடுகிறது. முன்னொரு காலத்தில் மங்கோலியப் படை வருவதைக் கண்டு எச்சரித்த காவலனின் தொண்டையில் அம்பு பாய்ந்தது என்றும், அவன் நிறுத்திய இடத்திலேயே இன்றும் நிறுத்துகிறார்கள் என்றும் கதை சொல்வர். கதை எப்படியாயினும், அறுந்த இசையை அறுந்தபடியே காப்பது எவ்வளவு வியப்பான வழக்கம்!

உப்பில் செதுக்கிய ஆலயம்

கிராக்கோவுக்கு அருகில் வீலிச்கா என்னும் ஊரில் ஓர் உப்புச் சுரங்கம் உண்டு. ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடல் வற்றி, உப்பு பாறையாகப் படிந்தது. 13-ஆம் நூற்றாண்டிலிருந்து மனிதர் அதை வெட்டி எடுத்தனர். சுரங்கத்தின் ஆழம் 327 மீட்டர். பூமிக்குள் 101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்காவின் ஆலயம் இருக்கிறது. தரை, சுவர், பீடம், சுரூபங்கள் எல்லாமே உப்பு. சரவிளக்குகளில் தொங்கும் மணிகளும் உப்புப் படிகங்களே. இந்த உப்பு நாம் சமையலறையில் காண்பதுபோல் வெண்மையாக இராது. கருங்கல்லைப் போல் சாம்பல் நிறமாக இருக்கும். 1896-ல் தொடங்கி, பல ஆண்டுகள் இதைச் செதுக்கியவர்கள் அந்தச் சுரங்கத் தொழிலாளிகளே. ஆபத்தான வேலைக்கு இறங்குமுன் செபிக்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

1978-ல் யுனெஸ்கோ நிறுவனம் முதன்முதலாக வெளியிட்ட உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்ற பன்னிரண்டு இடங்களுள் வீலிச்காவும் ஒன்று. ஆனால் உப்புக்குப் பகை ஈரம் அன்றோ? வெளிக்காற்றின் ஈரமும் பார்வையாளர் விடும் மூச்சும் சிற்பங்களைச் சிறிது சிறிதாகக் கரைத்தன. 1989-ல் யுனெஸ்கோ இதை ஆபத்திலுள்ள சின்னமாக அறிவித்தது. காற்றின் ஈரத்தை நீக்கும் கருவிகளைப் பொருத்திய பின்னரே, 1998-ல் அந்த ஆபத்து நீங்கியது. வணிகத்துக்காக உப்பு வெட்டுவதும் 1996-ல் நிறுத்தப்பட்டது.

கன்னத்தில் வடுவுடன் மாதா

வடக்கே பயணமானால் செஸ்டொகோவா வரும். அங்கே 'ஒளிமலை' என்று பொருள்படும் யாஸ்னா குரா குன்றில் 1382-ல் நிறுவப்பட்ட துறவியர் மடம் உள்ளது. இங்குள்ள கரிய மாதா படத்தைக் காண ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தில் மக்கள் கால்நடையாகத் திரண்டு வருகின்றனர். வார்சாவிலிருந்து வரும் நடைப்பயணம் 1711-ல் தொடங்கியது. மாதாவின் வலக் கன்னத்தில் இரண்டு வெட்டுக் காயங்கள் உண்டு. 1430-ல் மடத்தைக் கொள்ளையிட்டவர்கள் படத்தைச் சிதைத்தனர். பின்பு அதைச் செப்பனிட்டனர்; ஆனால் வடுக்கள் மட்டும் இன்றும் தெரிகின்றன. துன்பப்பட்ட மக்கள் அந்த முகத்தில் தங்கள் முகத்தையே கண்டனர் போலும்.

சாம்பலிலிருந்து ஒரு தலைநகர்

இனி இன்றைய தலைநகர் வார்சா. 1944 ஆகஸ்டு 1-ஆம் நாள் நகர மக்கள் நாசிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். 63 நாள் போராட்டம் தோல்வியில் முடிந்தது. நாசிகள் மக்களை வெளியேற்றிவிட்டு, தெருத் தெருவாகக் கட்டடங்களுக்குத் தீயிட்டும் வெடி வைத்தும் தகர்த்தனர். பழைய நகரில் 85 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. திருச்சிலுவை ஆலயத்தின் முன் நின்ற, சிலுவை சுமக்கும் கிறிஸ்துவின் சிலை தெருவில் விழுந்தது. விழுந்த நிலையிலும் அதன் கை வானத்தைச் சுட்டியபடி இருந்தது. அச்சிலையின் பீடத்தில் இலத்தீனில் பொறித்திருந்த சொற்களின் பொருள் என்ன தெரியுமா? 'இதயங்களை மேலே எழுப்புங்கள்' என்பதே!

மக்கள் திரும்பி வந்தனர். நகரைப் பழையபடியே கட்டத் தீர்மானித்தனர். எதைப் பார்த்துக் கட்டுவது? 18-ஆம் நூற்றாண்டில் பெல்லோட்டோ என்னும் இத்தாலிய ஓவியர் வார்சாவின் வீதிகளைச் சன்னல் தவறாமல் தீட்டியிருந்தார். கட்டடக் கலை மாணவர்கள் போருக்கு முன் அளந்து வரைந்த படங்களும் மறைத்துக் காப்பாற்றப்பட்டிருந்தன. இடிபாடுகளிலிருந்து பொறுக்கிய கற்களும் சிற்பத் துண்டுகளும் புதுச் சுவர்களில் பதிக்கப்பட்டன. அரசர் கோட்டை 1971 முதல் 1984 வரை மக்களின் நன்கொடையால் எழுந்தது. 1980-ல் யுனெஸ்கோ பழைய நகரைப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மாணவர் பயிற்சிக்காக வரைந்த படங்கள் ஒரு தலைநகரையே மீட்க உதவின என்பதை, வரைபடப் பயிற்சியில் சலிப்படையும் நாம் நினைவில் கொள்வது நல்லது!

பன்னிரண்டிலிருந்து ஒரு மந்தை

கிழக்கு எல்லையில், பெலாரஸ் நாட்டிலும் பரவியுள்ள பியாவோவியேசா காடு, ஐரோப்பாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய காடுகளுள் ஒன்று. ஐரோப்பியக் காட்டெருமையின் இல்லம் இது. முதல் உலகப் போரில் படைவீரர்களும் திருட்டு வேட்டைக்காரர்களும் அவற்றைக் கொன்று குவித்தனர். 1919-ல் இக்காட்டின் கடைசிக் காட்டெருமையும் மடிந்தது. மிருகக்காட்சிச் சாலைகளில் இருந்தவற்றைக் கொண்டு 1929-ல் மீண்டும் வளர்க்கத் தொடங்கினர்; 1952-ல் அவற்றைக் காட்டில் திறந்து விட்டனர். இன்றுள்ள ஐரோப்பியக் காட்டெருமைகள் அனைத்தும் பன்னிரண்டே விலங்குகளின் வழித்தோன்றல்கள்.

திரும்பக் கட்ட முடியாதது

நகரம் எழுந்தது, காட்டெருமையும் பெருகியது; ஆகவே அழிந்ததை எல்லாம் மீட்கலாம் என்று எண்ணிவிடலாமா? அப்படி எண்ணாமல் இருக்கவே போலந்து இன்னோர் இடத்தைக் காத்து வருகிறது. கிராக்கோவுக்கு மேற்கே உள்ள ஆஷ்விட்ஸ் முகாமில், 1940-க்கும் 1945-க்கும் இடையே ஏறத்தாழ 11 இலட்சம் பேரை நாசிகள் கொன்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் யூதர், பச்சிளங்குழந்தைகளும் உண்டு. 1947-ல் இது அருங்காட்சியகமாக்கப்பட்டது. தகர்ந்த நச்சுவாயு அறைகளை இங்கே புதுப்பிக்கவில்லை, இடிபாடுகளாகவே விட்டிருக்கிறார்கள். உரியவர் திரும்பி வராத காலணிகளும், பெயர் எழுதிய பெட்டிகளும் அங்கே குவிந்து கிடக்கின்றன.

1941-ல் ஒரு கைதி தப்பியதற்காகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் ஒருவர் தம் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். அருட்தந்தை மாக்சிமிலியன் கோல்பே முன்வந்து, அவருக்குப் பதிலாகத் தம்மைக் கையளித்தார். ஆகஸ்டு 14-ஆம் நாள் உயிர் நீத்தார். 1982-ல் உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது, உயிர் தப்பிய அந்த மனிதரே அங்கு வந்திருந்தார்!

தோழியரே, கல்லையும் மரத்தையும் மீண்டும் அடுக்கலாம். போன உயிரைத் திரும்ப அமைக்க எந்தப் படமும் உதவாது. இதை அறிந்தமையால்தான் அந்நாட்டு மக்கள் கட்ட வேண்டியதைக் கட்டினார்கள். மறக்கக் கூடாததை மூடாமல் வைத்தார்கள். மாதாவின் வடுவும், பாதியில் நிற்கும் எக்காளமும் நமக்குச் சொல்வதும் இதுவே. அடுத்த மணிக்கும் கிராக்கோ கோபுரத்தில் அந்த எக்காளம் ஒலிக்கும். அதே இடத்தில் நிற்கும். அதற்கடுத்த மணிக்கும் ஊத ஒருவர் படியேறி வருவார்.