“நீங்கள் வாசிச்சால் எனக்கு விளங்குது, அம்மா”

‘பஞ்சி பிடித்த பிள்ளை.’ எனது இளைய மகளைப் பற்றி நானே அயலட்டையில் இப்படிச் சொல்லித் திரிந்திருக்கிறேன். புத்தகத்தை விரித்ததும் அவளுக்குத் தண்ணீர் விடாய்க்கும், தலை இடிக்கும். ஒரு பந்தியை வாசிக்க அரைமணி நேரம் எடுப்பாள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிப்பாள். ஒருநாள் பொறுமையிழந்து கையும் நீட்டிவிட்டேன். அவள் அதை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

2020 இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவள் தரம் 4. பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. நான் தையல் மெஷினில் இருந்தபடியே அவற்றைச் சத்தமாக வாசிப்பேன். பக்கத்தில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தவள் கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாக விடை சொன்னாள். எனக்கு ஆச்சரியம். “நீங்கள் வாசிச்சால் எனக்கு விளங்குது, அம்மா. நான் வாசிச்சால் எழுத்து மட்டும்தான் தெரியுது” என்றாள்.

பின்னர் விசேட கல்வி ஆசிரியை ஒருவரிடம் கூட்டிச்சென்றபோதுதான் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லைக் கேள்விப்பட்டேன். கண்ணிலோ புத்தியிலோ குறையில்லை, எழுத்தை ஒலியாக மாற்றுவதில்தான் சிரமம் என்று விளக்கினார். கொம்பும் அரவும் இருபுறமும் நிற்கும் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளில் இவள் ஏன் தடுக்கி விழுகிறாள் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் எத்தனை நாளைக்கு நானே வாசிப்பது? தரம் 6 இல் வரலாறு தனிப்பாடமாக வந்தது. தையல் வேலை குவிந்திருந்த நேரம், தொண்டையும் கட்டிவிட்டது. அப்போது வீட்டுக்கு வந்த எனது பெறாமகன் சிரித்தான். “சின்னம்மா, உங்கட போனே வாசிக்கும். காசு குடுத்து ஒண்டும் வாங்கத் தேவையில்லை.”

அன்ரொயிட் கைத்தொலைபேசியின் செற்றிங்ஸில் ‘அக்சசிபிலிற்றி’ என்றொரு பகுதி உண்டு. அதற்குள் ‘செலக்ற் ரு ஸ்பீக்’ என்பதை இயங்கச் செய்தால் திரையின் ஓரத்தில் ஒரு சிறு அடையாளம் வரும். அதைத் தொட்டுவிட்டு, வேண்டிய பந்தியைத் தொட்டால் வாசிக்கத் தொடங்கும். தமிழ்க் குரலை ஒருமுறை தரவிறக்கி வைத்தால் பிறகு இணைய இணைப்பு இல்லாமலும் வாசிக்கும். வேகத்தையும் குறைக்கலாம். நாங்கள் நன்றாகவே குறைத்து வைத்திருக்கிறோம். கணினி உள்ளவர்கள் மைக்ரோசொப்ற் எட்ஜில் இணையப் பக்கத்தைத் திறந்து ‘ரீட் அலவுட்’ என்பதைத் தெரிவு செய்யலாம். அதில் இலங்கைத் தமிழுக்கென்று சரண்யா, குமார் என இரண்டு குரல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் இணைப்பு வேண்டும்.

முதல் நாளே ஏமாற்றமும் காத்திருந்தது. பாடக்குறிப்பு ஒன்றைத் திறந்து கேட்டோம். தமிழுக்குப் பதிலாக “ஜே, கே, பி, ஓ” என்று ஆங்கில எழுத்துகளை உளறியது. போன் பழுது என்று நினைத்துவிட்டேன். குற்றம் போனில் இல்லை. அந்தக் குறிப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. பாமினியில் நமது கண்ணுக்குத்தான் அது தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. ‘தமிழ்’ என்ற சொல்லே அங்கே ஜே, கே, பி, ஓ என்றுதான் பதிவாகிறது. யுனிகோட்டில் இருந்தால் மட்டுமே குரல் ஒழுங்காக வாசிக்கும். பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றித்தரும் இலவச இணையத்தளங்கள் உள்ளன. பிரதிசெய்து, அங்கே ஒட்டி, மாற்றி எடுத்தால் சரி. வரலாற்றுக் குறிப்புகள் பலவற்றை நான் இப்படித்தான் மாற்றினேன், கறி அடுப்பில் அடிப்பிடிக்க. கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பும் குறிப்புகளுக்கு இந்த வழியும் உதவாது.

கேட்டுக்கேட்டே படித்தால் வாசிக்கவே பழகமாட்டாள் என்று அக்கா கண்டித்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் வாசிக்கப்படும் சொல் திரையில் நிறம் மாறிக்கொண்டே போகும், மகள் அதை விரலால் தொடர்ந்துகொண்டே கேட்பாள். சில மாதங்களில் குரலை நிறுத்திவிட்டு, அடுத்த வசனத்தைத் தானே வாசித்துப் பார்த்து, பிறகு குரலுடன் ஒப்பிடத் தொடங்கினாள். இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். பரீட்சை மண்டபத்துக்குள் கைத்தொலைபேசி போகாது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே நாளுக்கு ஒரு பக்கம் குரல் இல்லாமல் வாசிப்பது எங்கள் வீட்டில் கட்டாயம். கணிதத்தில் இந்தக் குரலை நம்ப வேண்டாம். பின்னங்களையும் வரைபடங்களையும் அது குழப்பிவிடும்.

சென்ற தவணைக் கூட்டத்தில் அவளுடைய வகுப்பாசிரியையிடம் ஒன்று கேட்டேன். “ரீச்சர், குறிப்பைப் படம் பிடித்து அனுப்பாமல் யுனிகோட்டில் தட்டச்சு செய்து அனுப்ப ஏலுமா?” தனக்குத் தட்டச்சு வராது என்று தயங்கினார். போனைப் பார்த்துப் பேசினாலே அது தமிழில் எழுதித்தரும் என்று காட்டினேன். இரண்டு நாள் கழித்து முதலாவது குறிப்பு வந்தது. எழுத்துப்பிழைகள் நிறைய. மகள் அதை மூன்று முறை கேட்டாள்.