மாடு மேய்க்கத்தான் லாயக்கா?

பள்ளிக்கூடத்திலே ஒரு பையன் கணக்கிலே தவறிவிட்டான். ஆசிரியர் பிரம்பை எடுக்கவில்லை. அதைவிடக் கூரான ஒன்றை எடுத்தார். "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு!" என்றார். வகுப்பே சிரித்தது. பையன் தலை கவிழ்ந்தான். அந்த வகுப்பின் கடைசி வரிசையிலே, உண்மையாகவே மாடு மேய்ப்பவரின் மகன் ஒருவன் உட்கார்ந்திருப்பானே, அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை!

இது ஏதோ ஒரு பள்ளியின் கதையன்று, தோழர்களே. தமிழ்நாட்டிலே, எத்தனையோ பள்ளிகளில், எத்தனையோ வீடுகளில், தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் வசை அது. உருப்படாதவனுக்கு உவமை மாட்டுக்காரன்! அறிவில்லாதவனுக்கு அடைமொழி மாட்டுக்காரன்!

சரி, அதே நாட்டிலே தைத் திங்கள் பிறக்கிறது. முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். வாடிவாசல் திறக்கிறது. திமில் சிலிர்க்க, கொம்பு மின்ன, மண்ணைக் கிளப்பிக்கொண்டு வருகிறது காளை. ஆயிரமாயிரம் தொண்டைகள் ஆர்ப்பரிக்கின்றன. பரிசாகக் கார் காத்திருக்கிறது. தொலைக்காட்சி காத்திருக்கிறது. அமைச்சர்கள் மேடையிலே அமர்ந்திருக்கிறார்கள். 'வீரம்! தமிழன் வீரம்!' என்று ஏடுகள் எழுதுகின்றன.

நன்று; மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கேள்வி. வாடிவாசல் வழியே வந்த அந்தக் காளை வானத்திலிருந்து குதித்ததா? அதை ஈன்ற பசு எங்கே மேய்ந்தது? அந்தப் பசுவை மேய்த்தவன் யார்? அவன் பெயரை எந்த ஒலிபெருக்கி சொன்னது?

காளைக்கு மாலை; காளையைத் தந்த மந்தைக்காரனுக்கு வசை! இந்த முரண்பாட்டைத்தான் இன்று பேச வேண்டும்.

மாட்டுக்காரனைப் பற்றி உலகம் ஓர் அழகான பொய்யைச் சொல்லி வைத்திருக்கிறது. அகலத் தொப்பி, இடுப்பிலே துப்பாக்கி, குதிரை மேல் ஒய்யாரம்! அமெரிக்கத் திரைப்படம் தந்த 'கவ்பாய்' அவன். நம்மவர்களும் சளைக்கவில்லை. 1972இல் இயக்குநர் கர்ணன் 'கங்கா' எடுத்தார், ஜெய்சங்கர் தொப்பி மாட்டிக் குதிரை ஏறினார், கொட்டகை அதிர்ந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே மாட்டுக்கார வேலனாக எம்.ஜி.ஆர். வந்து வெற்றிக்கொடி நாட்டியிருந்தார். திரையிலே மாட்டுக்காரனுக்குக் கைதட்டல். தெருவிலே மாட்டுக்காரனுக்கு 'ஒதுங்கிப் போ!'

உண்மையான கவ்பாய் யார்? கூலிக்காரன், தோழர்களே, கூலிக்காரன்! 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, டெக்சாஸ் சமவெளியிலிருந்து வடக்கே இரயில் நிலையம் வரை பல நூறு மைல், ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிச் சென்றவன். மழையிலும் புழுதியிலும் தரையிலே படுத்தவன். அந்தத் தொழிலை வெள்ளையருக்குக் கற்பித்தவர்கள் மெக்சிகோ நாட்டு மாட்டுக்காரர்கள். நால்வரில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. அவர்களில் பலர் அண்மையிலே அடிமைத்தளை அறுந்தவர்கள். திரைப்படம் அவர்கள் முகத்தை நெடுங்காலம் மறைத்தே வைத்தது.

இன்னொன்றையும் திரைப்படம் மறைத்தது. 1883இல் டெக்சாசின் வடகோடியிலே அந்த மாட்டுக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள்! மாதம் 50 டாலர் கூலி கொடு என்று கேட்டார்கள். பெரும் பண்ணைக் கம்பெனிகள் அவர்களை வெளியேற்றிவிட்டு வேறு ஆட்களை வைத்துக்கொண்டன. போராட்டம் தோற்றது. 1874இல் கிளிடன் என்பவர் காப்புரிமை பெற்ற முள்கம்பி வேலி, திறந்து கிடந்த மேய்ச்சல் வெளியைத் துண்டு துண்டாக்கியது. வேலி வளர்ந்தது, மாட்டுக்காரன் மறைந்தான். அவன் மறையத் தொடங்கிய பிறகுதான் அவனைக் கதாநாயகனாக்கிக் காசு பார்த்தார்கள்!

இதை நினைவில் வைத்துக்கொண்டு மதுரைக்கு வாருங்கள்.

மதுரை, சிவகங்கை, விருதுநகர், தேனி வட்டாரங்களிலே கிடைமாடு என்று ஒன்று உண்டு. சிவகங்கைச் சீமையின் புளிக்குளம் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் இனம். உருவத்திலே சிறியது, ஓட்டத்திலே சூரன், கொம்பிலே கூர்மை, குணத்திலே முரடு. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் இதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. வாடிவாசலிலே நாம் கண்டு வியக்கும் காளைகளிலே பல இந்த இனம்தான்.

இந்த மாடு தொழுவத்திலே கட்டிப்போட்டுத் தீவனம் வைக்கப்படும் மாடு அன்று. மந்தையிலே பிறந்து மந்தையிலே வளர்வது. பகலெல்லாம் கண்மாய்க்கரை, தரிசு, மலையடிவாரம் என்று மேயும். இரவிலே உழவனின் வயலிலே அடையும். அதற்குப் பெயர்தான் கிடை. அறுவடை முடிந்த வயலிலே ஓர் இரவு மந்தை தங்கினால் சாணமும் மூத்திரமும் மண்ணிலே சேரும். மறுநாள் இரவு கிடை சற்றுத் தள்ளி அமரும். இப்படியே வயல் முழுவதும் உரம் பரவும். மாட்டின் குளம்பே அதை மண்ணோடு மிதித்துச் சேர்க்கும். வண்டிச் சத்தம் இல்லை, மூட்டைக் கூலி இல்லை. உழவன் இதற்கு நெல்லோ பணமோ கொடுப்பான். 'கோமியம்' என்று பெயர் சூட்டிப் புட்டியிலே அடைத்து விற்கும் வியாபாரமன்று இது! உழவன் புண்ணியம் கேட்கவில்லை, விளைச்சல் கேட்கிறான்.

புளிக்குளம் பசு கன்றுக்குப் போக அதிகம் பால் தராது. ஆகவே மந்தைக்காரனுக்குப் பால் பணம் இல்லை. கிடைக்கூலி ஒன்று, கன்று விற்ற காசு மற்றொன்று. இந்த இரண்டிலேதான் அவன் உலை கொதிக்க வேண்டும்.

"மாடு மேய்க்க என்ன அறிவு வேண்டும்?" என்கிறார் படித்த கனவான்.

கேளுங்கள் ஐயா! நூறு மாடுகளை ஒரே நிறமாக நீர் காண்கிறீர். அவன் நூறு முகங்களாகக் காண்கிறான். எந்தப் பசு எந்தப் பசுவின் மகள், எது இந்த மாதம் ஈனும், எது முன்னே நடந்தால் மந்தை பின்னே வரும் என்பதெல்லாம் அவன் மனத்திலே பதிவேடு. எந்த ஊரில் எந்த வாரம் அறுவடை, எந்தக் கண்மாயில் எப்போது நீர் வற்றும், எந்த உழவன் சொன்ன கூலியைக் கொடுப்பான், எவன் இழுத்தடிப்பான் என்பது அவன் அரசியல். கோமாரி வருமுன்னே காலைப் பார்ப்பான், வாயைப் பார்ப்பான். எந்தக் காளைக் கன்றை மந்தைக்கு வைப்பது, எதை விற்பது என்று அவன் தேர்ந்த தேர்வினால்தான் இந்த இனம் இன்றும் இருக்கிறது. ஆய்வுக்கூடத்திலே செய்தால் அதற்கு 'மரபியல்' என்று பெயர், பட்டம் உண்டு. பனிக்குள்ளே வயல்வெளியிலே படுத்துக்கொண்டு செய்தால் 'மாடு மேய்ப்பு', வசை உண்டு!

தமிழ் இவனை இழிவாகப் பேசவில்லை. நம் மொழியிலே 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள். வள்ளுவர் அந்தப் பொருளில் அதை ஆண்டிருக்கிறார். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிலே 2006இல் நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, தமிழி எழுத்திலே, ஆகோள் பூசலிலே மாண்ட ஒருவனின் நினைவைச் சொல்கிறது. ஆகோள் என்றால் மாடு கவர்தல். மாட்டுக்காக உயிர் கொடுத்தவனுக்குக் கல் நட்டு எழுத்துப் பொறித்த இனம் இது! கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவும் இளைஞரைக் காட்டுகிறது. அவர்கள் யார்? ஆயர்கள். அந்த ஆயன் ஏற்றைத் தழுவியது ஒரு நாள். மேய்த்தது ஆண்டு முழுவதும். நாமோ அந்த ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆண்டைக் குப்பையிலே போட்டுவிட்டோம்.

2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 சனவரியிலே சென்னைக் கடற்கரையிலும் மதுரைத் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் இளைஞர் கூட்டம் திரண்டது. அன்று எழுந்த முழக்கங்களிலே முதன்மையானது, 'நாட்டு மாட்டினம் அழிகிறது. அதைக் காக்கவே சல்லிக்கட்டு' என்பது. சட்டமன்றம் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பண்பாட்டைப் பேணவும், நாட்டுக் காளை இனங்கள் நிலைத்து வாழவுமே இச்சட்டம் என்று அதிலேயே எழுதப்பட்டது. 2023 மே 18இல் அரசியல் சட்ட அமர்வு அது செல்லும் என்றது. 2024இல் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையிலே கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. வெற்றி! ஐயமில்லை.

ஆனால் இனம் நிலைத்து வாழ்வது அரங்கத்திலா? அரங்கத்திலே காளை ஓடும்; கன்று பிறக்காது. கன்று பிறப்பது மந்தையிலே. மந்தை வாழ்வது மேய்ச்சல் நிலத்திலே. அந்த நிலம் எங்கே?

மேய்ச்சல் புறம்போக்கு கட்டடமாகிறது. கண்மாய் உள்வாயைச் சீமைக் கருவேலம் அடைத்து நிற்கிறது. நகரைச் சுற்றிய வயல்கள் மனைக்கற்களாகி, டெக்சாசிலே முளைத்த வேலி இங்கேயும் முளைக்கிறது. யூரியா மூட்டையின் விலையை ஒன்றிய அரசு தாழ்த்தி நிர்ணயித்து, மீதியை மானியமாகத் தருகிறது. கிடை உரத்துக்கு அப்படி ஒரு மானியம் உண்டா? தொழிற்சாலை உரத்துக்குக் கருவூலம் துணை. மாட்டு உரத்துக்கு மாட்டுக்காரன் முதுகு துணை!

காட்டுப் பக்கம் போகலாமென்றால் அங்கே வேறு கதை. 2022 மார்ச் 4இல் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மாடு மேய்க்கத் தடை என்றது. சில நாட்களிலேயே அதைத் திருத்தி, தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. காடு காக்கப்பட வேண்டும், மறுப்பவன் மூடன். ஆனால் மேகமலைப் பக்கம் தலைமுறையாக மலைமாடு மேய்த்தவனுக்கு, 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் என்ற பெயரோடு வழி அடைபடுகிறதே! 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மேய்ச்சலையும், இடம் பெயர்ந்து மேய்ப்போரின் பருவகால உரிமையையும் எழுத்திலே ஒப்புக்கொள்கிறதே! எழுத்து ஏட்டிலே இருக்கிறது. மாடு வாசலிலே நிற்கிறது.

வேடிக்கையைக் கேளுங்கள். இங்கே அந்தத் தடை பிறந்த அதே 2022 மார்ச்சிலேதான் ஐக்கிய நாடுகள் பொது அவை, 2026ஆம் ஆண்டு மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய உலக ஆண்டு என்று தீர்மானம் செய்தது. நியூயார்க்கிலே மேய்ப்பனுக்கு மரியாதை. மலையடிவாரத்திலே மேய்ப்பனுக்கு மறியல்!

இந்த இடத்திலே ஒரு குரல் எழும், எனக்குத் தெரியும். "அப்படியானால் மாட்டுக்காரன் பிள்ளை மாடே மேய்க்கட்டும் என்கிறாயா? 1953இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்ததும் அதுதானே? அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில். அதைக் குலக்கல்வி என்று எதிர்த்துத்தானே நாடு கொதித்தது? 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது ஒழிந்ததே!"

நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்லாமல் மாட்டுக்காரனைப் புகழ்வது வஞ்சகம்.

குலக்கல்வியை நாம் எதிர்த்தது மாடு மேய்ப்பது கேவலம் என்பதனால் அன்று. மாட்டுக்காரன் மகனுக்கு வேறு கதவே இல்லை என்று பிறப்பைக் காட்டிப் பூட்டுப் போட்டார்களே, அந்தப் பூட்டைத்தான் உடைத்தோம். இன்று அவன் மகள் மருத்துவராகட்டும், மகன் பொறியாளராகட்டும், கண்குளிரக் காண்போம். மந்தையைத் தான் நடத்துகிறேன் என்று அவனே விரும்பி வந்தால், அவனுக்குக் கூலியும் நிலமும் மரியாதையும் இருக்கட்டும். தொழிலைச் சாதியிலிருந்து விடுவிப்பது ஒரு பாதி. விடுவித்த தொழிலுக்கு மதிப்புத் தருவது மறுபாதி. முதற்பாதிக்காகப் போராடியவர்கள் மறுபாதியை மறந்துவிட்டால், 'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்ற வசைக்கு நாமும் பங்காளிகள் ஆகிவிடுவோம்.

இன்று மந்தைக்காரர்களின் பிள்ளைகள் பலர் கிடைக்கு வர மறுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். கூலி இல்லாத, நிலம் இல்லாத, பெயர் இல்லாத வேலைக்கு எவன் வருவான்? கிடை காக்கும் கூலி ஆளுக்குப் பனியிலே படுக்கை, வெயிலிலே நடை. சாலையைக் கடக்கையில் லாரி மோதி மாடு செத்தால், இழப்பும் அவனுக்கே, ஏச்சும் அவனுக்கே.

ஆகவே கேட்கிறோம். மேய்ச்சல் புறம்போக்கை அளந்து கல் நட்டு மந்தைக்கு விடுங்கள். வன உரிமைச் சட்டத்தின்படி மேய்ப்போர் தரும் மனுக்களைத் தூசி தட்டி எடுத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். மூட்டை உரத்துக்கு மானியம் உண்டென்றால், கிடை அமர்த்தும் உழவனுக்கும் உண்டென்று ஆணையிடுங்கள். மந்தை போகும் வழிக்கே கால்நடை மருத்துவர் வரட்டும்.

அடுத்த தைத்திங்களில் வாடிவாசலிலே, காளையின் உரிமையாளர் பெயரைச் சொல்லும் ஒலிபெருக்கி, அது பிறந்த மந்தையின் பெயரையும் அதை மேய்த்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். செலவு ஒரு காசும் இல்லை. ஆனால் மேடைக்கு எதிரே கூட்டத்தில் நிற்கும் ஒரு மாட்டுக்காரரின் மகன் அன்று தலை நிமிர்வான். அவன் நிமிர்ந்தால்தான் மந்தை நிற்கும்; மந்தை நின்றால்தான் காளை வரும்!