கோ-கார்ட் ஓடின பிள்ளைக்குக் கார்த் திறப்பைக் கொடுக்கலாமா?

விடுமுறைக்குக் கரம்பொன்னுக்கு வரும் புலம்பெயர் பிள்ளைகளில் சிலர் கனடாவிலோ லண்டனிலோ கோ-கார்ட் ஓடியிருப்பார்கள். "எனக்கு ஓடத் தெரியும் மாமா" என்று கார்த் திறப்பைக் கேட்பார்கள். பல வருடம் கழித்து வந்த பிள்ளை, இல்லையென்று சொல்ல மனம் வராது.

சிக்கல் இடது காலில் இருக்கிறது. வாடகைக் கோ-கார்ட்டில் வலது காலுக்கு அக்சிலேட்டர், இடது காலுக்குப் பிரேக். கிளச் கிடையாது. எங்கள் கியர்க் காரில் அவசரத்துக்கு இடது காலை அழுத்தினால் அமர்வது கிளச். வண்டி நிற்காது, உருண்டுகொண்டே போகும்.

வளைவும் வேறு. கார் திரும்பும்போது வெளிச்சில்லு உட்சில்லைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதை டிஃபரன்ஷியல் சமாளிக்கும். கோ-கார்ட்டில் பின்சில்லுகள் ஒரே அச்சில் இறுகப் பூட்டியவை. உட்பக்கச் சில்லு சற்று மேலெழும்பினால்தான் நன்றாகத் திரும்பும். ஸ்பிரிங்கும் இல்லாததால் வழுக்கலை முதுகே உணரும். காரில் அந்த எச்சரிக்கை மெதுவாகத்தான் வரும். (மண்ணெண்ணெயில் கார் ஓடின எங்கள் ஆட்களுக்கு எஞ்சின் சத்தமே மீற்றர், அது வேறு கதை.)

கோ-கார்ட் வீண் என்றில்லை. லூயிஸ் ஹமில்டன் எட்டு வயதில் அதில்தான் போட்டிக்கு இறங்கினார். ஆனால் போட்டித் தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் போவார்கள், ஓரத்தில் தடுப்பு இருக்கும். பண்ணை வீதியிலோ இருபக்கமும் கடல், எதிரே பஸ். கனடாப் பிள்ளைக்கு இடப்பக்கம் ஓடுவதே புதிது.

முதலில் வெறுங்காணியில் இடது காலைப் பழக்குங்கள். வீதிக்கு 18 வயதும் அனுமதிப்பத்திரமும் வேண்டும்.