எலிக்குட்டியின் முதல் சில நாட்கள்

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்கான ஹார்மோன்தானே, ஆண் எலியின் மூளையில் அதற்கு என்ன வேலை?"

தலையாய வேலையே அங்கேதான். பிறந்த கையோடு ஆண் குட்டியின் விரையிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் மூளைக்குப் போகிறது. அங்கே அரோமடேஸ் என்னும் நொதி அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆண் மூளையை வடிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். 1978இல் ரோஜர் கோர்ஸ்கியின் குழு ஹைபோதாலமசை ஒட்டி ஒரு செல் கொத்தைக் கண்டது. ஆண் எலியில் அது பல மடங்கு பெரிது. ஈஸ்ட்ரோஜன் அங்கே செல்களைச் சாகாமல் காக்கிறது. மூளையில் அதற்குச் சற்று முன்பக்கத்தில், கருமுட்டை வெளிவரத் தூண்டும் இன்னொரு கொத்தில் அதே ஈஸ்ட்ரோஜன் செல்களைச் சாகடிக்கிறது. அந்தக் கொத்து பெண்ணில்தான் பெரிது.

அப்படியானால், தாயின் ரத்தத்தில் ஓடும் ஈஸ்ட்ரோஜனிடமிருந்து பெண் குட்டி எப்படித் தப்புகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குட்டியின் ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், டெஸ்டோஸ்டிரோனை விட்டுவிடும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் புரதமே இல்லாத பெண் சுண்டெலிகள் வளர்ந்தபின் ஆணைப் போல நடந்துகொண்டன.

எல்லாம் பிறப்பையொட்டிய சில நாட்களுக்குள் முடிந்துவிடும். வளர்ந்த எலிக்கு அதே ஹார்மோனைக் கொடுத்தாலும் மூளை அப்படி மாறாது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்தால் முடி கழன்று வரும், முடியோடு குரோம் ஏறிவிட்ட தோலில் அந்த வேலை நடக்காது.

எலிக் கணக்கை மனிதருக்கு அப்படியே போடக்கூடாது. நம்முடைய ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் ஈஸ்ட்ரோஜனை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. நமக்கு டெஸ்டோஸ்டிரோனின் நேரடி வேலையே முக்கியம் என்கிறார்கள். ஆனால் அளவைப் போலவே காலமும் முக்கியம் என்ற பாடம் நமக்கும் உண்டு.

அந்தப் பாடத்தோடு தோல் ஷாப்பின் கழிவுநீரையும் பார்க்க வேண்டும். அந்தக் கழிவுநீர் என்றால் நாம் குரோமியத்தையும் உப்பையும்தான் பேசுகிறோம். தோலில் கொழுப்பு நீக்கப் பயன்பட்டுவந்த ஒருவகைச் சலவைச் சரக்கு சிதைந்தால் நோனைல்ஃபீனால் வரும். அது ஈஸ்ட்ரோஜனைப் போல வேடமிடும் பொருள். 2003லேயே ஐரோப்பிய ஒன்றியம் தோல் பதனிடுதலில் அந்தச் சரக்குக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1996இல் வேலூர் தோல் கழிவு வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும், அறிவியல் முழு உறுதி சொல்லவில்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்றது. வெளிநாட்டு ஆர்டருக்குக் காட்டும் கவனத்தைப் பாலாற்றங்கரையில் கர்ப்பிணிகள் குடிக்கும் தண்ணீருக்கும் காட்டினால்தான் அந்தத் தீர்ப்புக்கு மரியாதை.