இடமில்லை என்கிறதா உங்கள் மடிக்கணினி?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கோ குறைந்தது 64 ஜிபி சேமிப்பிடம் வேண்டும். எங்கள் பெண்டாங் பக்கம் அண்ணன் பயன்படுத்தித் தங்கைக்கு வந்த 32 ஜிபி மடிக்கணினிகள்தாம் பல வீடுகளில் இருக்கின்றன. புதிது வாங்க எல்லாப் பெற்றோராலும் முடியாது. அதனால் விடுமுறையில் நான் ஊருக்கு வந்தால், "அக்கா, லினக்ஸ் போட்டுத் தாங்க" என்று யாராவது வந்துவிடுவார்கள்.

போட்டுக் கொடுப்பது எளிது. லினக்ஸ் மின்ட் கேட்பது 20 ஜிபிதான். சில வாரங்கள் கழித்துத்தான் வாட்ஸ்அப்பில் படம் வரும்: ரூட்டில் இடமில்லையாம்!

இது ஒரு பாகப்பிரிவினைக் கணக்கு. பலர் வட்டை இரண்டாகப் பிரித்து, இயங்குதளத்துக்கு 'ரூட்' என்ற பாகத்தையும் நம் கோப்புகளுக்கு 'ஹோம்' என்ற பாகத்தையும் ஒதுக்குகிறார்கள். மென்பொருள் மேலாளரில் நாம் சொடுக்கி நிறுவுவதெல்லாம் வழக்கமாக ரூட்டுக்கே போகும். ஹோமில் 8 ஜிபி காலியாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

இந்தத் தொல்லை புதிதல்ல. 1970களின் தொடக்கத்தில் யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் ஒன்றிரண்டு மெகாபைட் வட்டுகளோடுதான் வேலை செய்தார்கள். முதல் வட்டு நிரம்பியதும், பயனர் கோப்புகள் இருந்த அடுத்த வட்டில் மென்பொருள்களையும் வைத்தார்கள். அந்த இடத்தின் பெயர் 'யூஎஸ்ஆர்'. இன்றும் லினக்ஸில் பெரும்பாலான மென்பொருள்கள் அதே பெயருள்ள கோப்புறைக்குள்தான் இருக்கின்றன.

சரி, என்ன செய்யலாம்? முதலில் குப்பையைக் கூட்டுங்கள். மென்பொருள் நிறுவப் பதிவிறக்கிய பொதிகள் நிறுவிய பிறகும் கிடக்கலாம். 'ஏபிடி கிளீன்' கட்டளை அவற்றை நீக்கும். 'ஏபிடி ஆட்டோரிமூவ்' பழைய கெர்னல்களையும் வேண்டாத துணைப் பொதிகளையும் அகற்றும். உபுண்டு வைத்திருப்பவர்கள் 'ஸ்னாப்' பொதிகளையும் பாருங்கள். அவை ரூட்டில்தான் உட்காரும். புதுப்பித்த பிறகு பழைய பதிப்பையும் விடாமல் வைத்திருக்கும்.

அடுத்து, ரூட்டுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாதவற்றை ஹோமில் வையுங்கள். 'ஆப்இமேஜ்' என்பது ஒரே கோப்பாக வரும் மென்பொருள். ஹோமில் எங்காவது போட்டு, இயக்க அனுமதி கொடுத்தால் போதும். பைத்தான் படிப்பவர்கள் 'வென்வ்' மூலம் தனிச்சூழல் உருவாக்கினால் நிரலகங்கள் எல்லாம் அங்கேயே இறங்கும். தமிழ் எழுத்துருக்களும் அப்படித்தான், ஹோமுக்குள்ளேயே தங்கும். இவற்றுக்கு நிர்வாகிக் கடவுச்சொல்லும் தேவையில்லை. 'ஃபிளாட்பேக்' பொதியை நிறுவும்போது 'யூசர்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அதுவும் ஹோமுக்கு வரும். ஆனால் இடம் குறைந்த கணினிக்கு இதை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. சிறிய செயலி ஒன்றைக் கேட்டாலே அதன் அடித்தளப் பொதிகள் நூற்றுக்கணக்கான எம்பிக்கு இறங்கிவிடும்.

லிப்ரே ஆபிஸ், அச்சுப்பொறி இயக்கிகள் போன்றவை ரூட்டிலேயே இருக்கட்டும். இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது அவையும் சேர்ந்து புதுப்பிக்கப்படும்.

ஹோமும் நிரம்பிவிட்டதா? இத்தகைய கணினிகளில் சேமிப்புச் சில்லைப் பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள், மாற்ற முடியாது. எஸ்டி அட்டைதான் வழி. கடையில் வாங்கும் அட்டை பொதுவாக ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். லினக்ஸின் கோப்பு அனுமதிகளை அவை பதிந்து வைப்பதில்லை. குறியீட்டு இணைப்புகளும் அவற்றில் இயங்கா. அதில் மென்பொருளை நகலெடுத்து வைத்துவிட்டு, ஓடவில்லையே என்று தலையைச் சொறிந்து பயனில்லை. அட்டையை 'எக்ஸ்ட்4' முறையில் ஃபார்மெட் செய்து, பெரிய மென்பொருள்களுக்கான 'ஆப்ட்' கோப்புறையை அதில் வையுங்கள். கணினி தொடங்கும்போது அது தானாக ஏற்றப்பட 'எஃப்எஸ்டேப்' கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற சொல்லையும் மறக்காமல் சேருங்கள். அட்டை இல்லாத நாளிலும் கணினி தொடங்கும்.

'யூஎஸ்ஆர்' கோப்புறையை மட்டும் அட்டைக்கு மாற்றாதீர்கள். அட்டை பழுதானால் கணினியே எழுந்திருக்காது.

அட்டை வாங்கும்போது ஜிபி அளவோடு 'ஏ1' அல்லது 'ஏ2' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருளை அட்டையிலிருந்தே ஓட்டுவதற்கான வேகத்தைக் காட்டுவது அந்தக் குறிதான்.